கென்ட் வயலில் கழற்றிய சப்பாத்து

அண்ணை,

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரிதாக விழுகிறது, அடுத்தது சிறிதாக விழுகிறது. கோட்டில் நில் என்றால் நிற்காமல் கீழே சரிகிறது. மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனா மிகவும் மெல்லியதாக இருக்கிறது. இவ்வளவு எழுதவே பாதிக் காலை போய்விட்டது. ஆனாலும் இது நானே எழுதுவது. அதில் எனக்குள்ள சந்தோசத்தைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

காலையில் பின்வாசலில் இருந்து சப்பாத்துக் கழுவினேன். சனிக்கிழமை கென்டில் ஒட்டிய மண் அடியில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் பட்டதும் வாசனை எழும்பியது. செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்த வாசனை, ஊரில் கிணறு வெட்டும்போது வருவது. குழாயை மூடினேன். பிறகு உள்ளே வந்து இந்தத் தாளை எடுத்தேன்.

ஊரில் நீங்கள் விவசாயப் போதனாசிரியர். சைக்கிளில் வந்து தோட்டக்காரருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிற உத்தியோகம். நான் உரும்பிராயில் வெங்காயமும் புகையிலையும் வைத்தவன். அங்கே நாம் சந்தித்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த கிழவர்களாக லண்டன் மோர்டனில்தான் சந்தித்தோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறதற்கு எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது. அந்த நாட்களில்தான் நீங்கள் நம் ஆட்களின் சங்கத்தில் கோச் பஸ் பிடித்து, மண் பார்க்கப் போகலாம் என்று ஆட்களைச் சேர்த்தீர்கள்.

“வாடகைக்கு இருக்கிற ஆள் வீட்டுக்காரன்ர முகத்தையாவது பாத்திருக்க வேணும். இந்த நாட்டின்ர மண்ணை ஒருக்காத் தொட்டுப் பாப்பம், வாருங்கோ” என்று சொன்னீர்கள்.

நான் உங்களை ஐயா என்று கூப்பிட, “ஐயா எல்லாம் பிளேன் ஏறேக்க முடிஞ்சுது. அண்ணை எண்டு சொல்லும்” என்றீர்கள். அன்றிலிருந்து உங்கள் மனைவியும் எனக்கு அக்காதான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சோற்றுப் பொதியோடு, கம்பளித் தொப்பியோடு, மோர்டன் ஸ்டேசனுக்கு முன்னால் நிற்போம். சரேயில் சுண்ணாம்பு மலை காட்டினீர்கள். ஆற்றோரத்து வண்டல் காட்டினீர்கள். எல்லார் கையிலும் ஒரு பிடி மண்ணை வைத்து, போத்தல் தண்ணீர் விட்டு உருட்டச் சொல்வீர்கள். புழு மாதிரி நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். ஒருமுறை பெண்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்து வரம்பில் கீரை கண்டு பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். களை பிடுங்க ஆள் வந்திருக்கிறது என்று தோட்டக்காரன் நினைத்து, பெரிய மனதோடு தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் கோச்சுக்குள் கீரைக்கட்டும் சிரிப்பும்தான்.

பிறகு அந்தக் கென்ட் வயல். உழுதுபோட்ட நிலம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குனிந்து ஒரு பிடி அள்ளினேன். அப்படியே உரும்பிராய்ச் செம்மண்.

“கீழ சுண்ணாம்புக் கல், மேல செம்மண். உம்மட ஊர்தான் தம்பி” என்றீர்கள்.

நம் ஆட்கள் தோட்டத்துக்குள் செருப்போடு இறங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மண்ணை மிதிப்பது வேறு, செருப்பால் மிதிப்பது வேறு. நான்தான் முதலில் சப்பாத்தைக் கழற்றினேன். மற்றவர்களையும் கழற்றச் சொன்னேன். வேலியோரம் சப்பாத்துகள் வரிசையாக வந்தன. வெள்ளைக்காரத் தோட்டக்காரர் உங்களிடம் ஏதோ கேட்டார். இவர்களுக்குக் குளிராதா என்று கேட்கிறார் என்றீர்கள். நீங்கள் மட்டும் சப்பாத்தோடு நின்றீர்கள்.

“அண்ணை, நீங்கள் கழட்டேல்லையோ?”

“எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் வெறுங்காலோட நடக்கவேண்டாம் எண்டவர்.”

அதோடு நான் விட்டிருக்கலாம். எல்லாரும் கேட்கத்தக்கதாக, “போதனாசிரியர்மார் எப்பவும் உப்பிடித்தான். வரம்பில நிண்டு புத்தி சொல்லுவினம், மண்ணில இறங்கமாட்டினம்” என்றேன். கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே குனிந்து நூலை அவிழ்த்தீர்கள். காலுறையோடு இறங்கினீர்கள்.

“எப்பிடி அண்ணை?”

“காலுக்கு நல்ல சுகமா இருக்கடாப்பா.”

அந்த மண் உரும்பிராய் மண் இல்லை. அதற்குள் தட்டினால் பொறி பறக்கிற தீக்கல் கிடக்கும். உடைந்த இடம் கண்ணாடிபோல வெட்டும். ஊர் மண்ணைப் போல இருந்ததால் நான் அதை ஊர் மண் என்றே நம்பிவிட்டேன். கோச்சில் உங்கள் காலுறை சிவந்திருந்ததைப் பார்த்தேன். செம்மண் என்று நினைத்தேன். “அக்கா தோய்க்கேக்க ஏசப்போறா” என்று பகிடியும் விட்டேன். நீங்கள் குனிந்து பார்க்கவும் இல்லை. வீட்டில் அக்கா காலுறையை உரித்தபோதுதான் அது இரத்தம் என்று தெரிந்தது.

நீரிழிவில் புண் ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தில் பாதியை எடுத்தார்கள். ஆசுப்பத்திரியில் நான் வாய் திறக்கப் போனால் நீங்கள் விடவில்லை. “ஊரில ஷெல்லுக்குத் தப்பின கால், கென்டில கல்லுக்குப் போட்டுது. பேசாமல் அந்தத் தோடம்பழத்தை உரியும்” என்றீர்கள்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். கை வலியால் அல்ல.

அதற்குப் பிறகும் நீங்கள் கோச்சை நிறுத்தவில்லை. முன் சீற்றில் இருந்தபடி என்னை வயலுக்கு அனுப்பினீர்கள். நான் இறங்கிப் போய் ஒரு பிடி மண்ணோடு வருவேன். நீங்கள் அதை உருட்டி, மணந்து பார்த்துவிட்டு, “முதல்ல நீர் சொல்லும்” என்பீர்கள். ஒருநாள் மைக்கை என் கையில் தந்துவிட்டீர்கள். என் குரல் கோச் முழுக்கக் கேட்டது. வெங்காயத்துக்கு ஏன் இந்த மண் சரிவராது என்று சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். லண்டனுக்கு வந்தபிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, அண்ணை. மருந்து குடித்தாயா என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கோச்சுப் படியில் வைக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் கோச் குரோய்டனைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவேன். இன்றைக்கு எந்த மண், என்ன சொல்லலாம் என்று மனம் ஓடத் தொடங்கிவிடும். சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். என் சீவியத்திலேயே நல்ல காலம் எதுவென்று யாராவது கேட்டால், உங்கள் கால் போனபிறகு வந்த அந்த வருசங்களைத்தான் சொல்வேன். இதை யாரிடம் சொல்வது?

ஒரு மாரிக் குளிரில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. சங்கத்தார் இந்தப் பயணங்களை என்னை நடத்தச் சொன்னபோது மாட்டேன் என்றேன். பலகையில் ஊர்ப்பெயர் வாசிக்கத் தெரியாதவன் எப்படி ஆட்களைக் கூட்டிப்போவது? உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் கதிரைக்கு முன்னால் இருந்து அழுவேன். அக்கா சில கிழமை பொறுத்தா. பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஆகிவிட்டா.

“உப்பிடி அழுதுகொண்டு இருக்கிறதெண்டால் நான் கதவைத் திறக்கமாட்டன். எழுதப் படிக்கிறதெண்டால் வாங்கோ.”

குசினியில் காய்கறி வெட்டுகிற மேசையில் தமிழ் எழுத்துச் சொல்லித் தந்தா. பிறகு பாதைப் பலகைக்கு வேண்டிய இங்கிலிஷ் எழுத்து. முதல்முறை பஸ்ஸில் இருந்து ‘மோர்டன்’ என்று நானாக வாசித்தபோது பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டாள். அந்தக் கிழமையே சங்கத்தாரிடம் ஓம் என்றேன்.

போன சனிக்கிழமை அதே வயல். அந்தத் தோட்டக்காரர் எங்களைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். அக்காவும் வந்தா, முதல்முறையாக. உங்கள் சீற்றில் இருந்தா. அந்த இடத்தை அவவுக்கு எந்த முகத்தோடு காட்டுவேன் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

வேலியடியில் ஆட்கள் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

“ஒருத்தரும் கழட்டாதேங்கோ!” என்று கத்திவிட்டேன்.

பழைய ஆட்களில் ஒரு மனுசி நிமிர்ந்து பார்த்தா. “அண்டைக்கு நீங்கள்தானே கழட்டச் சொன்னனியள்?”

“ஓம். நான்தான் சொன்னனான். இண்டைக்கு நான்தான் போடச் சொல்லுறன்.”

யாரும் சிரிக்கவில்லை. சப்பாத்தோடு இறங்கினார்கள். அக்கா என் பக்கத்தில் மெதுவாக நடந்து வந்தா.

“அவர் இதில நடக்கேக்க என்ன சொன்னவர்?” என்று கேட்டா.

“காலுக்குச் சுகமா இருக்கெண்டு சொன்னவர், அக்கா.”

அக்கா நின்றுவிட்டா. “சுகமோ? அவருக்குக் கால் விறைச்சு அப்பவே ரெண்டு வருசம், தம்பி. நெருப்பை வைச்சாலும் தெரியாது. குளிக்கிற தண்ணியை நான்தான் தொட்டுப் பாத்து விடுறனான்.”

அக்கா அழவும் இல்லை, என்னை ஏசவும் இல்லை. குனிந்து ஒரு பிடி மண் எடுத்தா. “இதை எப்பிடி உருட்டுறது? காட்டுங்கோ” என்றா. போத்தல் தண்ணீரை விட்டுக் காட்டினேன். தண்ணீர் அவவின் சட்டைக் கையிலும் ஊற்றுப்பட்டது.

உங்களுக்கு அந்த மண் தெரியவே இல்லை, அண்ணை. குளிரா, மெத்தையா, கல்லா, ஒன்றும் தெரியவில்லை. கால் விறைத்துப்போனது உங்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் நான் கேலி செய்தேன் என்பதற்காக இறங்கினீர்கள். நான் சந்தோசப்படவேண்டும் என்பதற்காகச் சுகம் என்றீர்கள். நானும் சந்தோசப்பட்டேன். இத்தனை வருசமும் அந்தக் கேலியைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தச் ‘சுகம்’ அதைவிடப் பாரமாக இருக்கிறது.

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். திரும்பி வரும்போது மைக் என் கையில்தான் இருந்தது. தீக்கல் எப்படி வந்தது, ஏன் அது வெட்டும், ஏன் சப்பாத்து வேண்டும் என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். பிறகு யாரோ கீரைக் கதையைக் கேட்க, அதையும் சொன்னேன். கோச்சே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தா. அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

வருகிற சனிக்கிழமை எசெக்ஸில் களிமண் பார்க்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருந்து அது எப்படி உருண்டது என்று உங்களுக்கு எழுதுவேன். சந்தோசமாகத்தான் எழுதுவேன், அண்ணை. கோபிக்காதீர்கள்.