மூலையில் ஒரு சின்ன அம்பு

ஜூன் 11, செவ்வாய்

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, ரெம்பாவ் வட்டாரத்துச் சாலைக் குழிகளுக்கெல்லாம் பேர் வைத்த இந்தச் சுகுமாறன், இன்று முதல் கம்ப்யூட்டரையும் ஆளப் போகிறேன். அக்காள் மகள் புனிதாவுக்குக் கல்யாணம். அம்பாங்கான் மண்டபத்து விருந்தில் குடும்பப் படங்களைத் திரையில் காட்ட ஆள் வைக்கலாமா என்று மாப்பிள்ளையின் பெரியப்பா திருநாவுக்கரசு கேட்டார். "தாய்மாமன் நான் இருக்கேன், ஆள் எதுக்கு?" என்றேன். சொன்ன பிறகுதான், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் தட்டி எழுப்புவது என்று யோசித்தேன்.

புனிதா தனியே அழைத்துச் சொன்னாள்: "மாமா, மத்ததெல்லாம் விட்டாலும் பரவால்ல. அப்பா ஆடுற வீடியோ மட்டும் கடைசியில வரணும்." மறைந்த என் மச்சான் வசந்தன், ஒரு தீபாவளியன்று முறுக்கு டின்னைத் தலையில் வைத்து ஜோகெட் என்கிற மலாய் ஆட்டம் ஆடியது. அவர் அசைகிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ஜூன் 13, வியாழன்

என் மனைவி குமுதவல்லி தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. என்னைவிட அதிக நேரம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துபவள். பாடம் தொடங்கியது. திரையில் முதலில் விரிவது டெஸ்க்டாப்பாம். அதன்மேல் நிற்கும் சின்னப் படங்கள் ஐகானாம். மஞ்சளாக இருப்பது ஃபோல்டர். படங்களை அதற்குள் போட்டு வைக்கலாம். மவுஸை லேசாக நகர்த்தினேன். அம்புக்குறி சிங்கப்பூர் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டது.

"ரெண்டு தடவ டக்கு டக்குன்னு அமுக்குங்க."

அமுக்கினேன்.

"மெல்ல! அது மவுஸ் லா, லோரி ஹாரன் இல்ல."

ஜூன் 14

மினிமைஸ் செய்த விண்டோ செத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறேன். திரைக்கு அடியில், டாஸ்க்பாரில், ஒரு படையே ஒளிந்து நிற்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

பேரிடர். படங்களும் மச்சான் வீடியோவும் இருந்த ஃபோல்டரைப் பிடித்து இழுத்து ஓரமாக வைக்கப் பார்த்தேன். வழியில் விரல் நழுவி, ரீசைக்கிள் பின்னுக்குள் விழுந்துவிட்டது. நான் போட்ட அலறலில் பக்கத்துத் தோட்டத்துக் குலைகள் பழுக்காமலே உதிர்ந்தன. ஐயோ, மச்சான் போயிட்டாரே — புனிதா மூஞ்சில எப்படி முழிப்பேன்?

குமுதவல்லி வந்தாள். அந்தக் குப்பைத் தொட்டியைத் திறந்து ரிஸ்டோர் என்பதை அமுக்கினாள். எல்லாம் திரும்பி வந்தது. "குப்பையக் கொட்டுற வரைக்கும் உள்ளதான் இருக்கும். மூச்சு விடுங்க."

பிறகு ஃபோல்டரை என் கை படாத வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, டெஸ்க்டாப்பில் அதே போல் ஒரு மஞ்சள் படத்தை நிறுத்தினாள். அதன் மூலையில் சின்ன அம்பு. "இது ஷார்ட்கட். அமுக்கினா அங்க கொண்டு போவும். ஆனா படம் எதுவும் இதுக்குள்ள இல்ல. கேட்டீங்களா?"

கேட்டதாகத் தலையாட்டினேன். டிவியில் அப்போது பெனால்டி.

ஜூன் 29, சனி

குமுதவல்லி அக்காள் வீட்டுக்கு உதவப் போய்விட்டாள். நானே பென்டிரைவில் ஏற்றினேன். அம்பு முத்திரை குத்திய ஃபோல்டரை இழுத்து உள்ளே விட்டேன். கண் இமைக்கும் முன் ஏறிவிட்டது! அத்தனை படமும்! அவள் ஏற்றினால் பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊரும். என் விரலில் மின்சாரம் ஓடுகிறது. இதை நாடு அறியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

எழுதக் கை கூசுகிறது.

விருந்தில் விளக்கை அணைத்தார்கள். மண்டபத்துக் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி அமுக்கினேன். படம் வரவில்லை. அப்படி ஓர் இடமே இல்லை என்று யானை உயரத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. குமுதவல்லி ஓடி வந்து மூலையைப் பார்த்தாள்.

"இதயா தூக்கிட்டு வந்தீங்க? பேரு இங்க, ஆளு வீட்டுல! பெரட்டுல பேரக் குடுத்துட்டு ஆளு வராத மாதிரி லா இது!"

காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிடும்போது கூட்டாளி ஒருத்தன் "இருக்கான்" என்று குரல் கொடுப்பான். ஆள் மட்டும் வேலைக் காட்டில் இருக்க மாட்டான். சாட்சாத் அதேதான்.

வீட்டுக்குப் போய் எடுத்து வருவதற்குள் மேசைகள் காலியாகிவிடும். மேடையில் புனிதா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேய் சுகுமாறா, என்னடா செய்யப் போற?

பக்கத்து மேசையில் ஐஸ் வாளி இருந்தது. எடுத்துத் தலையில் வைத்தேன். ஒரு கை இடுப்பில். மச்சான் ஆடியது போலவே முட்டியை மடக்கி, வாத்து நடை. மண்டபம் திகைத்தது. ஐஸ் தண்ணீர் பட்டுச் சட்டைக்குள் இறங்கியது. முதலில் கைதட்டித் தாளம் போட்டவர் திருநாவுக்கரசு! பிறகு மண்டபமே தட்டியது. புனிதா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்: "மாமா, அந்த எடத்துல அப்பா ஒரு சுத்து சுத்துவாரு!"

சுற்றினேன். வாளி பறந்தது. இந்நேரம் சுமத்ராவில் விழுந்திருக்கும்.

ஜூலை 2

இடுப்பு.

ஜூலை 7, ஞாயிறு

புனிதாவும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டு விண்டோக்களைப் பக்கம் பக்கமாகத் திறந்தாள். ஒன்றில் அவள் அப்பா. இன்னொன்றில், திருநாவுக்கரசு கைப்பேசியில் பிடித்த நான். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டாள்.

"அசல் மச்சானேதான், இல்ல?" என்றேன்.

"வாளி மட்டும்தான் ஒழுங்கா ஆடுது," என்றாள் குமுதவல்லி.

புனிதா திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அவர்கள் போன பிறகு இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு டெஸ்க்டாப்பின் நடுவில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையை உற்றுப் பார்த்தேன். அம்பு இல்லை.

மச்சான் உள்ளேதான் இருக்கிறார்.