குதிரைக்குப் பிரசவம் பார்த்த குற்றம்

என் ராசாத்திக்கு,

நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். கெட்ட பேர மாத்திட்டு வந்து பொண்ணக் கூட்டிட்டுப் போன்னு உங்கப்பா சொன்னாருல்ல, அதுக்காகப் பட்டாளத்துல மனு போட்டேனே, அந்த விசாரணை முடிஞ்சுது. வக்கீலம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே"ன்னு. என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

மூணு அதிகாரிங்க. "காவல விட்டுட்டு ஏன்யா போனே?"ன்னு நடுவுல இருந்தவரு கேட்டாரு. அன்னைக்குப் பட்டாளத்துல "ஆமா, போனேன்"னு ஒத்த வார்த்தையில முடிச்சதாலதான் ஒழுங்கீனம்னு எழுதி வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. இந்தத் தடவ, லாயத்துல குதிரை பிரசவ வலியில முனகுனதுலேருந்து ஆரம்பிச்சேன். நடுவுல நம்ம கல்யாணமும் வந்துருச்சு. வக்கீலம்மா தலையில கைய வச்சுட்டாங்க.

குட்டிக்குப் பின்னங்கால் முதல்ல வந்துச்சுன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிச்சேன். அதிகாரி நாற்காலிய முன்னால இழுத்தாரு. "அப்புறம்? பொழைச்சுதா?"

"தாயும் குட்டியும் சொகம் ஐயா. எனக்குத்தான் வேலை போச்சு."

மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. ஒழுங்கீனத்த அடிச்சுட்டு நன்னடத்தைன்னு எழுதி, முத்திரையும் குத்திக் குடுத்துட்டாங்க.

நாளைக்குக் காலையில வர்றேன், பெட்டியக் கட்டி வை. உங்கப்பாகிட்ட மட்டும் நீ முந்திச் சொல்லிராத. அவர உக்கார வச்சு, நான் முதல்லேருந்து சொல்லணும்.

ஒத்த வார்த்தையில இனிமே பேசவே மாட்டேன்,
உன் வீட்டுக்காரன்