நெல்லிக்காய் எடுக்கக் கூடாதாம்

பிப்ரவரி 3, 1998. செவ்வாய்

காலையில் கடும் பனி. பத்து உதைக்குப் பிறகுதான் ஸ்கூட்டர் கிளம்பியது. எங்கள் தொண்டு நிறுவன அலுவலக மேஜையில் வன இலாகா கடிதம். கன்னடத்தில் ஒரே பக்கம். நெல்லிக்காடு சரணாலய எல்லைக்குள் போய்விட்டது. இனி யாரும் காய் எடுக்கக் கூடாது. மூன்று தடவை படித்தேன்.

கொள்ளேகால் பக்கம் அந்த மலையோர ஊரில் நான்கு வருடமாக நான் சொன்னது: கிளையை ஒடிக்காதீர்கள், மானுக்குக் கொஞ்சம் விடுங்கள், தீ வந்தால் அணையுங்கள், காய் உங்களுக்கு. அவர்கள் எல்லாம் செய்தார்கள்.

வாங்க வேண்டியது: பல்ப், கமலாவுக்கு இருமல் மருந்து.

பிப். 4

ரேஞ்சரைப் பார்த்தேன். நல்ல மனிதர். டீ வரவழைத்தார். "மேலிருந்து ஆர்டர் சார், நானேனு மாட்லி?" கையை விரித்தார். நான் மட்டும் என்ன செய்ய?

எங்கள் டைரக்டர்: "நீங்களே போய்ச் சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் அவங்க பாஷை வரும்."

மருந்து மறந்துபோச்சு. ராத்திரி முழுக்கக் கமலா இருமினாள்.

பிப். 6. வெள்ளி

ஐந்து மணி நேர பஸ். வெயில். பள்ளிக்கூட வாசலில் கூட்டம், காய் எடுக்கும் பெண்கள் எல்லோரும். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மாதம்மா எழுந்தாள். அவர்கள் சங்கத் தலைவி. போன கோடையில் காட்டுத்தீயை அணைக்கப் போய்க் கை வெந்தவள்.

"ஏனுங்க சார், நாங்க காய் பறிச்சா காடு அழியும்னு எழுதியிருக்குதுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப இத்தன வருசமா அழிச்சுட்டா இருந்தோம்?"

மனு கொடுக்கலாம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்புறமும் சாப்பிட்டுத்தான் போகணும் என்றாள். களி, அவரைக்காய்க் குழம்பு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பிப். 24

மனுவுக்குப் பதில். 'பரிசீலனையில் உள்ளது.' டைரக்டர் ஃபைலில் போடச் சொன்னார். போட்டேன்.

மார்ச் 16. திங்கள்

வானம் மூட்டம். மழை இல்லை. இங்கே நகரத்தில், விஜயநகரில் எங்கள் அடுத்த தெருவில் புது வீடு கட்டுகிறார்கள். பால் வாங்கப் போனபோது "சார்" என்று ஒரு குரல். மாதம்மா. ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தாள். கூட அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேர்.

"பாதிப் பேரு இங்க, பாதிப் பேரு கோயமுத்தூருங்க. அங்க இருந்து என்ன பண்றது?"

காடு எப்படி என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"முந்தாநேத்து தீ புடிச்சுதாமுங்க. ஊர்ல வயசானவங்கதான் இருக்காங்க. ஆரு போவாங்க?"

வீட்டுக்கு வாங்க, காபி குடிக்கலாம் என்றேன்.

"மேஸ்திரி பாக்கறாருங்க. கொஞ்சம் இதத் தூக்கி விடுங்க சார்."

பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஜல்லிச் சட்டியை அவள் தலையில் ஏற்றிவிட்டேன்.