வெளியே கொக்கி வைத்த ஜன்னல்

ஆரம்பாக்கம்,
12-10-2024

பிரின்சி அப்பாவுக்கு,

சுகிர்தா எழுதுவது. போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் கட் பண்ணிவிடுவேன். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அரிசி மில் கரி உள்ளே வந்து பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்றுதானே பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு ஸ்லைடிங் ஜன்னல் போடச் சொன்னோம்? உங்கள் அக்கா வீட்டுக்காரர் ஜெயராஜ் அண்ணன் ஆட்களோடு வந்த நேரம், நம் வீட்டில் ஜெபக்கூட்டம். "ஜெபத்துல கீறவங்கள எழுப்பக் கூடாதும்மா, நான் வெளிய நின்னுக்கினே மாட்டிடறேன்" என்றார். மாட்டினார். தான் நின்ற பக்கத்தையே உள்பக்கம் என்று நினைத்துவிட்டார் மனுஷன்! கொக்கி தெருப்பக்கம். தண்ணீர் வடிகிற ஓட்டை வீட்டுப்பக்கம். ஒரு மழைதான் பெய்தது, அத்தனையும் பிரின்சியின் பாயில். ஈரத்தில் மறுபடி இழுப்பு.

கேட்டால், "இன்னாம்மா, ஒரு துணிய வச்சித் தொடச்சிக்கயேன்" என்கிறார். வயிறு எரிகிறது. உங்கள் அக்காவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்காக அக்காவிடம் நீங்கள் வாய் திறந்ததே இல்லை.

சுகிர்தா

மஸ்கட்,
14-10-2024

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

நலம். இங்கே வெயில் குறையவில்லை. பிள்ளையை நினைத்தால் வேலையே ஓடவில்லை.

ஆனால் அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள். சொந்தத்துக்குள் பேஜாரு வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வந்து நானே பார்க்கிறேன். அதுவரை பாயைத் தள்ளிப் போடு. சண்டை போடாதே.

உன் எட்வர்ட்

ஆரம்பாக்கம்,
20-10-2024

பிரின்சி அப்பாவுக்கு,

பாயைத் தள்ளிப் போடச் சொன்னீர்களே, எங்கே போட? அடுப்பு மேலேயா?

சரி, நான் சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அண்ணனையும் உங்கள் அக்காவையும் கூப்பிட்டேன். காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. "இங்க சாஞ்சி உக்காருங்கண்ணா" என்று ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்துக் கொடுத்தேன்.

ஜெபம் ஆரம்பித்தது, மழையும் ஆரம்பித்தது. ஆமென் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்களே! அண்ணன் பிடரியில் சொட்டுகிறது, சட்டைக்குள் இறங்குகிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டு நெளிகிறார். அன்றைக்குப் பார்த்துப் பாஸ்டர் ஐயா ஊர் உலகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபித்தார்.

முடிந்ததும் ஜெபத்துக்கு வந்திருந்த எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா, "புழுக்கமா கீது, அந்த ஜன்னலத் தொறங்கப்பா" என்றார். நான் சொன்னேன்: "அண்ணன்தான் தொறக்கணும்க்கா. வெளிய போயி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூறலில் போய்த் திறந்தார். தெருவிலிருந்து அவர் முகம் தெரிந்ததும் வீடே சிரித்துவிட்டது. கன்னியம்மா அக்காவும் புது வீட்டுக்கு இவரிடம்தான் ஜன்னல் சொல்லியிருக்கிறார். "யோவ் ஜெயராஜு, எங்கூட்டுக்கும் இப்பிடித்தான் மாட்டுவியா?" என்று ஒரே போடு!

மறுநாள் நாஷ்டா நேரத்துக்கே ஆட்களோடு வந்துவிட்டார். "இந்தத் தபா உள்ள நின்னே மாட்டறேம்மா" என்றார். முழுவதும் கழற்றிச் சரியாக மாட்டினார். நான் விடவில்லை, வெளியே நின்று வாளி வாளியாக ஊற்றினேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை! நேற்று ராத்திரியும் பெருமழைதான். பிரின்சி ஜன்னலடியிலேயே இழுப்பு இல்லாமல் தூங்கினாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் அக்காதான் முகம் கொடுத்துப் பேசாமல் போனார். உங்களுக்குப் போன் வரும். என்ன சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம்.

சுகிர்தா

மஸ்கட்,
23-10-2024

என் சுகிர்தாவுக்கு,

அக்கா கூப்பிட்டாள். "உம் பொண்டாட்டி எம் புருசன எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்திட்டாடா" என்று அழுதாள். எப்போதும், "விடுக்கா, நான் அவளக் கேக்கறேன்" என்பேன். இந்த முறை, "எம் பொண்ணு ஈரத்துல கெடந்தாக்கா. சுகிர்தா செஞ்சதுதான் கரெக்டு" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள். ஆனாலும் அன்றைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவளே மறுபடி கூப்பிட்டு, "கொழந்தைக்கு இப்ப எப்பிடிடா கீது?" என்றாள்.

"எங்கிட்ட ஏங்க்கா கேக்கற? சுகிர்தாகிட்டப் போயிக் கேளு" என்றேன்.

நாளைக்கு வருகிறாளாம்.

உன் எட்வர்ட்