தொண்டையில் வெளிச்சம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாய், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்த உன் ஸ்கேன் படம் வந்துவிட்டது. மலக்குடலில் எங்குமே வெளிச்சம் இல்லை. உடனே துள்ளிக் குதிக்காதே. நாங்கள் ஏற்றும் ஊசி மருந்து ஒருவகைச் சீனி. அதை அள்ளித் தின்னும் கட்டிதான் படத்தில் எரியும். சதைப் பரிசோதனையில் உனக்கு வந்திருப்பது சளி மாதிரி வழவழப்பான வகைப் புற்று. அது சீனியை அதிகம் தொடாது, இருட்டிலேயே உட்கார்ந்திருக்கும். இருபதாம் தேதி ஆபரேஷனுக்கு ஒழுங்காக வந்து சேர்.

இன்னொன்று. ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். படத்தில் உன் தொண்டை பளிச்சென்று எரிகிறது. விடாமல் பேசினால்தான் அப்படி வரும். கண்ணாடி வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், அறையில் நீ தனியாகத்தான் இருந்தாய், போன் என் மேசையில் இருந்தது. யாரிடம் பேசினாய்?

எனக்கும் ஒரு மாதமாக வயிறு சரியில்லை. எல்லாம் உன் கவலைதான்.

உன் அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

படத்தில் இல்லாததை எதற்கு வெட்டுவது? நான் வரவில்லை.

பேசியது அம்மாவிடம். சிரிக்காதே. அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் என்று எனக்கும் தெரியும். கால்மாட்டில் நாற்காலி போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வேலை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் விசாரித்தாள். கடைசியில், "ஒண்ணுமில்லை, வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அம்மாவே சொன்னபிறகு எனக்கு என்ன பயம்?

தம்பி

மார்ச் 10

தம்பி,

படித்த கையோடு அந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே நாற்காலி கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் இருந்தது, பிறகு எடுத்துவிட்டோம்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். அது அம்மாவின் வார்த்தை இல்லை, என்னுடையது. அவள் படமும் இருட்டாகத்தான் வந்தது. டாக்டர் பார்க்குமுன்பே, அந்த நாற்காலியில் கைப்பையோடு காத்திருந்தவளிடம் நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "ஒண்ணுமில்லைம்மா, வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். சதைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, "என் பொண்ணே சொல்லிட்டா" என்று அவள் போகவே இல்லை. உன்னுடைய அதே வகைதான் என்று தெரிந்தபோது ஏழு மாதம் ஓடிவிட்டது.

அந்த வார்த்தையை நம்பி நீயும் போய்விடாதே. உன் காலில் விழுகிறேன், வா.

அக்கா

மார்ச் 15

அக்கா,

வருகிறேன். பை கட்டியாகிவிட்டது. உன்மேல் கோபம் இருக்கிறது, அதை ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீ எழுதியபின் யோசித்துப் பார்த்தேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மதியம் மறுபடி வந்தாள், இங்கே என் வீட்டுக்கே. இந்தத் தடவை நின்றுகொண்டே பேசினாள். ஆபரேஷனுக்குப் போகிறேன் என்றதும் தலையாட்டினாள். பிறகு, "அவ வயித்தைக் காட்டினாளா?" என்று கேட்டாள். உன் வயிறு பற்றி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. "படத்தை நம்பிட்டு உட்கார வேணாம், நேரா டாக்டர்கிட்ட போகச் சொல்லு" என்றாள்.

இனி நீ காட்டும்வரை அந்த ஸ்கேன் அறையிலேயே காத்திருப்பாளாம். நாற்காலியைத் திரும்பப் போட்டுவை, அக்கா. நின்று நின்று கால் வலிக்கிறதாம்.

தம்பி