ஐஸ் பெட்டியில் இரண்டு நாள்

ஜூன் 10
தலைமையாசிரியர் மேஜை இழுப்பறையில் நண்டு. உயிரோடு. விசாரணையே இல்லை, நேராக என்னைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் துறைமுக ஊர் எஸ்தான்சியா முழுக்க நண்டு இருக்கிறது, குற்றவாளி மட்டும் நான் ஒருத்திதானா? "கணக்கு டீச்சர் மகள் போடுற கணக்கா இது, ஜெனலின்?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கணக்கு டீச்சர் என் அம்மா. நாளை அவள் மார்பிலிருந்து கட்டியை எடுக்கிறார்கள். கேன்சர். மீதித் திட்டையும் வாங்கியிருக்கலாம்.

ஜூன் 11
ஆபரேஷன் முடிந்தது. கட்டியைப் பரிசோதிக்க எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆளில்லை. வழக்கம்போல வீட்டு மனுஷர்தான் இலோய்லோ நகர லேபுக்குச் சுமக்க வேண்டும். கட்டி கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்து ஊற்றிய டப்பாவை, மருந்து குறையவே கூடாது என்று சொல்லி நர்ஸ் என் கையில் தந்தாள். துணைக்கு நெனிதா பெரியம்மா. துறைமுகத்தில் மீன் விற்பவள். நகரத்து உறவுக்காரிக்கு ஒரு பெட்டி மீனும் எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் மூடி கசிந்தது. எல்லோருக்கும் கண் எரிச்சல். கண்டக்டர் கத்தினான்: "அதைக் கொட்டுறீங்களா, இறங்குறீங்களா?" பெரியம்மா மருந்தைச் சாலையோரம் கொட்டினாள். டப்பாவை மீன் பெட்டிக்குள் ஐஸில் புதைத்தாள்.

"பெரியம்மா, நர்ஸ் சொன்னது..."

"முப்பது வருஷமா மீன் விக்கிறேன், இண்டாய், என் கண்ணு. எது கெடும், எது கெடாதுன்னு எனக்கா தெரியாது?"

போய்ச் சேர்ந்தபோது லேப் மூடிவிட்டது. நாளை ஜூன் 12, பிலிப்பைன்ஸ் சுதந்திர தினம், விடுமுறை.

ஜூன் 13
உறவுக்காரி வீட்டில் தங்கி இரண்டு முறை ஐஸ் மாற்றினோம். பெரியம்மா தன் சொந்தப் பிள்ளைகளைக்கூட இவ்வளவு கவனித்ததில்லை. காலையில் மருந்துக்கடையில் புது ஃபார்மலின் வாங்கி ஊற்றி, ஒன்றும் நடக்காத முகத்தோடு கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜூன் 25
ரிசல்ட். கட்டியும் பரீட்சை எழுதுமாம்! டாக்டர் கும்பான் விளக்கினார். மூன்று பாடம். செல்கள் குழாய்போல ஒழுங்காக அடுக்கி நிற்கின்றனவா, உட்கரு எவ்வளவு கோணல், எத்தனை செல்கள் பிளந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. பாடத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று மார்க். குறைவாக வாங்குவதுதான் சமர்த்து. என்னைப் போன்றவளுக்காகவே யாரோ கண்டுபிடித்த பரீட்சை.

அம்மாவின் கட்டி 2, 2, 1. மொத்தம் ஐந்து. முதல் தரம். அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களும் சுத்தம், பரவவில்லை. திரும்ப வரும் வாய்ப்பு குறைவு. கீமோ வேண்டாம், மாத்திரை போதும்.

"ஒன்பதுக்கு அஞ்சு. என் கிளாஸ்ல இது ஃபெயில், டாக்டர்" என்றாள் அம்மா. டாக்டரே சிரித்துவிட்டார்.

"கடைசி பாடத்துலதான் தப்பிச்சீங்க, டீச்சர். பிளக்குற செல் ரொம்பக் கம்மி. எடுத்த உடனே ஃபார்மலின்ல போட்டாத்தான் அதைச் சரியா எண்ண முடியும், இல்லேன்னா குறைச்சலாத் தெரியும்."

எடுத்த உடனே.

பெரியம்மா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 26
வீட்டில் பன்சித் நூடுல்ஸ் விருந்து. அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டாள். கொல்லையில் பெரியம்மா என் கையைப் பிடித்தாள்: "நல்ல சேதி வந்திருக்கு. அதுல கை வைக்காத."

நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பிட்டா? அது இன்னும் மோசமாச்சே.

ஜூன் 28
சொல்லவில்லை.

ஜூலை 1
சொன்னேன். நண்டுக் கதை ஆஸ்பத்திரிவரை வந்திருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "நண்டுக்கு அப்புறம் இதுவா?"

"ஐஸ் ரெண்டு தடவை மாத்தினோம், டாக்டர். ரெண்டாவது தடவை மாத்தினது நான்தான்."

பேனாவைக் கீழே வைத்தார்.

ஜூலை 9
மே மாதம், கேன்சரா என்று பார்க்கக் கட்டியிலிருந்து ஊசியில் எடுத்த துணுக்குகள் லேபில் இருந்தன. அவை எடுத்த நிமிடமே மருந்தில் விழுந்தவை. அவற்றில் எண்ணிப் பார்த்தார்களாம். கடைசி பாடத்தில் ஒன்று இல்லை, மூன்று. மொத்தம் ஏழு. இரண்டாம் தரம். கீமோ, நான்கு தடவை.

பெரியம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். என்ன பண்ணிட்டேன் நான்? அம்மா கையில இருந்ததைப் பிடுங்கிட்டேனே —

"வேகமா பெருகுற செல்லைத்தான் இந்த மருந்து நல்லாப் பிடிக்கும். தெரியாமலே விட்டிருந்தாத்தான் ஆபத்து" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில், ட்ரைசைக்கிள் வண்டியின் மோட்டார் இரைச்சலில் அம்மா கேட்டாள்: "தப்பான விடைக்கு நான் என்னைக்காவது மார்க் போட்டிருக்கேனா?"

"இல்ல."

"எனக்கும் அப்படி மார்க் வேண்டாம்."

ஆகஸ்ட் 14
இரண்டாவது கீமோ முடிந்து இரண்டு நாள். வாந்தி. பெரியம்மா ஒரு மாதமாக வருவதில்லை. வாசலில் மீனை வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். "மீன் வருது, ஆளைக் காணோம்" என்றாள் அம்மா. நான் துறைமுகத்துக்குப் போய், "அம்மா உன்னை ஐஸ் இல்லாம வரச் சொன்னா" என்றேன். சூரைமீன் வாலால் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என் கூடவே நடந்தாள்.

வீட்டில் இரண்டு பேரும் மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் பேசவில்லை. மீன் விலையைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

செப்டம்பர் 23
நான்காவதும் முடிந்தது. அம்மா பாதிக் கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

அக்டோபர் 14
நகரத்திலிருந்து மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இனி தினம் ஒரு மாத்திரை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா, திடீரென்று பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

"இவளோட பதினெட்டாவது பிறந்தநாள் பெரிய விருந்துக்குச் சுட்ட பன்னி உன் செலவு. முழுப் பன்னி. காது, வால் எல்லாம் இருக்கணும்."

"அடியே, அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேடி!"

"இருக்கு" என்றாள் அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு முறை சொன்னாள். "இருக்கு."