கடைசிப் புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மாமா தீயில் போன அன்று போனில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய், "கடைசிப் புள்ளி எங்கக்கா விழுந்துச்சு?" என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்குப் பிறகு நீ போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மாமா வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனிக்குப் போனேன். கலவை அறைச் சுவர் இன்னும் கரியாக நிற்கிறது. ஆவியை அளந்து மாமா புள்ளி வைப்பாரே, அந்தத் தாளைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் கேட்டேன். கடைசிப் புள்ளி பச்சையில்தான் விழுந்ததாம்.

மஞ்சள் என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ எப்படியும் விசாரித்துவிடுவாய்.

ஆவி ஏறினால் எச்சரிக்க அந்த அறையில் வைத்திருந்த பழைய மணி தொட்டதற்கெல்லாம் அடிக்கும். நீதான் வந்து சரி பண்ணினாய். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கொட்டிக் காட்டினாயே. காற்றில் பெயிண்ட் ஆவி பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், எப்போதாவது எகிறும். இந்தப் பக்கம் குவியும், அந்தப் பக்கம் வால் நீளும். அதனால் மணி அடிக்கிற மேல்கோட்டைத் தள்ளிப் போடணும் என்றாய். "வால் நீண்டா அது குரங்கு மாப்ளே" என்று மாமா சிரித்தார். உப்பு வீணாகிறது என்று நான் கத்தினேன்.

புள்ளி கோட்டுக்குக் கிட்டே மஞ்சளில் விழுந்தால் உடனே மறுபடி அளந்து பாருங்கள், கீழே பச்சை என்றால் அடுத்ததை நிதானமாகப் பார்த்தால் போதும் என்றாய். மாமா அதை அப்படியே கேட்டார். என் மச்சினன் போட்ட கணக்கு என்று ஊரெல்லாம் பெருமை வேறு. அன்றைக்கும் பச்சை. அடுத்ததைப் பார்க்கும் நேரம் வருவதற்குள் தீப்பிடித்துவிட்டது.

"உங்க தம்பி மேல தப்பில்லம்மா. பழைய மணி அடிச்சிருந்தாலும் எவன் எந்திரிச்சிருப்பான்?" என்றார் சூப்பர்வைசர். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. சில நாள் அவர் மேலேயே வருகிறது. எதையும் சொல்லி அழ ஆளில்லை.

நீ வரமாட்டாய் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனாலும் வாடா. கணக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் சட்டையெல்லாம் கொடியிலேயே கிடக்கிறது, எடுக்க எனக்குக் கை வரவில்லை. நீ ஒரு பக்கம் பிடித்தால் மடித்துவிடுவேன்.

நன்றாக இரு.

உன் அக்கா